இருவீட்டுப் பிள்ளை

நெய்வேலி என்னும் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நேயர்களின் மனக்கண்முன் தோன்றுவன பழுப்பு நிலக்கரிச் சுரங்கமும், அதனை அகழும் மாபெரும் இயந்திரங்களும், வானளாவிய புகைபோக்கிகளுமேயாம். 1934–35-ஆம் ஆண்டுகளில் ஜம்புலிங்க முதலியார் தமது நிலத்திற் கிணறு இறக்குகையில் நீரோடு கரிய பொருளொன்று வெளிப்படக் கண்டதும், 1956-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நிறுவனம் பதிவு பெற்றதும், 1957-ஆம் ஆண்டு மே 20-ஆம் நாள் ஜவாஹர்லால் நேரு அகழ்வினைத் தொடங்கி வைத்ததும், 1961-இல் முதன்முதற் கரி கண்ணுக்குப் புலப்பட்டதும் அவ்வூர்ப் பள்ளிப் பிள்ளைகள் மனப்பாடமாய்க் கூறுவனவாம். அவற்றை விரித்தெழுதுதல் எமது கருத்தன்று. அச்சுரங்கத்தை அடுத்த நகரியத்திற் பிறந்து வளர்ந்து, இக்கல்லூரியிற் கற்று, இன்று இதன் மாணவர் விடுதியொன்றன் மேற்பார்வையை ஏற்றிருக்கும் யாம், அந்நகரியத்து வீடுகளைப்பற்றியும், ஒரு வீடு இரண்டானவிடத்து அவ்விரண்டற்கும் இடையே நின்று வளரும் பிள்ளைகளைப்பற்றியும் சில சொல்ல விழைகின்றோம். இப்பொருளைப்பற்றி வெளிப்படையாய்ப் பேசுவாரைக் காண்டல் அரிது. பேசாமையால் விளைந்த கேட்டினை யாம் பன்முறை கண்டதுண்டு.

நெய்வேலி நகரியம் வட்டம் வட்டமாக வகுக்கப்பட்டது. அங்கே ஒருவரையொருவர் முதன்முதற் காணும் சிறுவர் ‘நீ எந்த வட்டம்?’ என்றே வினவுவர்; பெயர் கேட்பது பின்னர்தான். அகன்ற சாலைகள், வீட்டைச் சூழ வேம்பும் மாவும் பலாவும், சைக்கிளிற் சென்று சேரும் தொலைவிற் பள்ளியும் மருத்துவமனையும் விளையாட்டிடமும். இத்தகைய இளமை எல்லோர்க்கும் வாய்ப்பதன்று என்பதை வெளியூர் சென்று வாடகை வீட்டிற் குடியிருந்த பின்னரே யாம் உணர்ந்தோம். ஆயினும் அவ்வீடு குடியிருப்போர்க்கு உரியதன்று; வேலைக்கு உரியது. பணியாளர் ஒருவர் பெயருக்கு ஒதுக்கப்படுவது. பணி ஓய்ந்தபின் திரும்பக் கொடுக்கவேண்டுவது. பிலாய், ரூர்கேலா முதலிய தொழில் நகரியங்கள் யாவற்றிற்கும் இதுவே இயல்பாதலின் இதிற் குறை கூறுதற்கு ஒன்றுமில்லை. ஆனால் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தவிடத்து இவ்வியல்பினின்று ஒரு விளைவு பிறக்கின்றது. பணியாளரல்லாத ஒருவர், அவர் பெரும்பாலும் தாயாகவே இருப்பார், வீட்டை மட்டுமன்றி ஊரையே விட்டு நீங்கவேண்டியவராகின்றார். பிள்ளை அவரோடு சென்றால் தன் வட்டத்தையும் பள்ளியையும் தோழரையும் ஒரே நாளில் இழக்கும். தங்கினால் தாயை இழக்கும். நாட்டுப்புறத்து ஊர்களிலாயின், கோபித்துக்கொண்டு சென்ற மனைவி இரண்டு தெரு தள்ளித் தன் பிறந்தகத்தில் இருப்பாள். பிள்ளை காலையில் இங்கும் மாலையில் அங்குமாக ஓடித் திரியும். நகரியத்தில் அதற்கு வழியில்லை.

மற்றொன்றும் உண்டு. நெய்வேலியிற் குடியேறியோர் பல மாவட்டங்களினின்றும் பிற மாநிலங்களினின்றும் வந்தவர்கள். குடும்பப் பிணக்கைத் திண்ணையில் அமர்ந்து தீர்த்துவைக்கும் பெரியப்பாவும், பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு போய்ச் சோறூட்டும் அத்தையும் அடுத்த தெருவில் இல்லை. இருப்போர் தந்தையின் உடன்பணியாளர். அவர்கள் நல்லவர்களே. ஆனால் நாளைக் காலை அவரோடு ஒரே ஷிப்டில் நிற்கவேண்டியவர்களாதலின், அறிந்தும் அறியாதார்போல் ஒழுகுவர். பக்கத்து வீட்டுச் சமையலின் தாளிப்பு மணம் வரும் அளவுக்கு நெருங்கிய இடத்தில், பக்கத்து வீட்டுத் துயரம் மட்டும் வேலியைத் தாண்டி வருவதில்லை.

எம்மோடு எட்டாம் வகுப்பில் ஒரே பெஞ்சியில் அமர்ந்திருந்த ஒருவனை ஈண்டு நினைவுகூர்கின்றோம். அவன் தாய் பண்ணுருட்டியிலுள்ள தன் பெற்றோர் இல்லத்திற்குச் சென்றுவிட்டாள். சென்றவள் திரும்பவில்லை. யார் கேட்டாலும் அவன், “அம்மா ஊருக்குப் போயிருக்கிறார்கள்” என்பான். முதல் மாதத்தில் அது மெய். ஆறாம் மாதத்தில் அது பாதி மெய். பத்தாம் வகுப்பிலும் அவன் அதனையே சொல்லிக்கொண்டிருந்தான். யாமும் அதனையே கேட்டுக்கொண்டிருந்தோம். இது பொய் கூறும் இயல்புடைமையாற் சொன்னதன்று. அவ்வீட்டில் நிகழ்ந்ததற்கு அவனிடம் வேறு சொல் இல்லை. தந்தையும் சொல்லவில்லை, தாயும் சொல்லவில்லை, ‘பிரிவு’ என்னும் சொல்லை எவரும் அவன் செவியிற் போடவில்லை.

இஃது ஒரு வீட்டின் கதையன்று. 2011-ஆம் ஆண்டு மக்கட்கணக்கின்படி, இந்தியாவில் மணவிலக்குப் பெற்றோர் ஏறத்தாழ 13½ இலட்சம் பேர். மணவிலக்கின்றிப் பிரிந்து வாழ்வோரோ அதனினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கினர். நம் நாட்டில் மணம் முறிவது பெரும்பாலும் நீதிமன்றத்தில் அன்று. ஒரு பெட்டியோடும் ஒரு பேருந்துச் சீட்டோடுமே முறிகின்றது என்பது இதனாற் பெறப்படும். 1955-ஆம் ஆண்டு இந்து மணச் சட்டத்தில் இருவர் இசைவாற் பெறும் மணவிலக்கு 1976-இற் சேர்க்கப்பட்டது. கிறிஸ்தவர்க்குரிய 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அது 2001-ஆம் ஆண்டிலேதான் இடம் பெற்றது. நீதிமன்றத்திற்குச் செல்வதில் அலைச்சலும் செலவும் உண்டெனினும், அங்கே பிள்ளை எவரிடம் வளர்வது, மற்றவர் எந்நாளிற் காண்பது என்பன எழுத்தில் வரும். பெட்டியோடு முறிந்த மணத்தில் அத்தகைய எழுத்து யாதுமில்லை. எல்லாம் காற்றில் நிற்கும். பிள்ளையும் அங்ஙனமே நிற்கும்.

இனி, தன்மதிப்பு என்பதனைச் சிறிது ஆராய்வோம். ஒருவன் அடைந்த வெற்றியை அவன் கொண்ட ஆசையால் வகுத்தால் வருவதே தன்மதிப்பு என்று அமெரிக்க உளநூற் புலவர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் ஒரு கணக்கே போட்டுக் காட்டினார். கணக்கு அழகியதுதான், ஆனால் பதின்மூன்று வயதுப் பிள்ளை தன்னை அங்ஙனம் கணக்கிட்டுக்கொள்வதில்லை. பிறர் கண்ணிலேயே அது தன்னைக் காண்கின்றது. மாரிஸ் ரோஸன்பர்க் என்பார் நியூயார்க் மாநிலத்தில் 5,024 உயர்பள்ளி மாணவரை ஆராய்ந்து 1965-இல் ஒரு நூல் வெளியிட்டார். தன்மதிப்பை அளக்க அவர் வகுத்த பத்து வாக்கியங்கள் இன்றும் உலகெங்கும் வழங்குகின்றன. மணமுறிவு நேர்ந்த வீட்டுப் பிள்ளைகளின் தன்மதிப்பு ஓரளவு தாழ்ந்திருப்பதை அவர் கண்டார். அத்தாழ்வு எல்லாரிடத்தும் ஒருபடித்தாய் இல்லை. மணமுறிவை வன்மையாய் வெறுக்கும் சமயக் குழுவினரின் பிள்ளைகளிடத்தே அது மிகுந்திருந்தது என்பதே அவ்வாராய்ச்சியில் எம் கருத்தைக் கவர்ந்த பகுதி. பெற்றோர் பிரிந்தமை மட்டும் பிள்ளையைத் தாழ்த்துவதாயின் எங்கும் ஒரே அளவாய்த் தாழ்த்தியிருக்க வேண்டுமன்றோ? அயலாரின் பார்வையும், அப்பார்வைக்கு அஞ்சி வீட்டார் காக்கும் மௌனமும் சேர்ந்தே அதனைத் தாழ்த்துகின்றன என்பது எமது துணிபு.

தமிழராகிய நமக்கு இதில் தனியே ஓர் இடர் உண்டு. அது நம் பெயரின் முன் நிற்கும் தலைப்பெழுத்து. பிற நாட்டார் குடும்பப் பெயரைப் பின்னே வைப்பர். நாம் தந்தையின் முதலெழுத்தை முன்னே வைப்போம். தாயோடு வளரும் பிள்ளை ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு விடைத்தாளிலும், தன்னைக் காண வாராத ஒருவரின் எழுத்தை முதலில் எழுதிப் பின்னரே தன் பெயரை எழுதவேண்டும். தன் பயிற்சிப் புத்தகங்கள் எல்லாவற்றிலும் தலைப்பெழுத்தை விட்டுவிட்டு எழுதிய மாணவி ஒருத்தியை யாம் அறிவோம். கணக்காசிரியர் அதனைச் சிவப்பு மையால் திருத்தித் திருத்தி அலுத்தார். காரணத்தை அவர் வினவவில்லை. தந்தை உயிரோடிருக்கும்போதே தாயும் இயற்கைக் காப்பாளராகலாம் என்று உச்ச நீதிமன்றம் கீதா ஹரிஹரன் வழக்கில் 1999-இல் தீர்ப்பளித்தது. தீர்ப்பு புது தில்லியினின்று பள்ளி அலுவலக மேசைக்கு வந்து சேர எத்துணைக் காலமாகும் என்பதை அம்மேசையின்முன் நின்ற தாய்மாரே அறிவர்.

நிற்க. நம் பழந்தமிழ் நூல்களிற் பிணக்குற்ற பெற்றோர்க்கிடையே நிற்கும் புதல்வன் புதியவனல்லன். மருதத்திணையில் ஊடல் தணிக்கும் வாயில்களுள் அவனும் ஒருவன். கலித்தொகையின் மருதக்கலியில், வெளியே தூக்கிச் செல்லப்பட்ட சிறுவன் பரத்தையர் அணிவித்த அணிகலன்களோடு வீடு திரும்புவதும், அதனைக் கண்ட தாய் சினந்து கேட்பதும் சுவைபடக் கூறப்பட்டுள்ளன. பண்டிதர்கள் அதனை நகைச்சுவை என்று பாடம் சொல்லுவர். விடுதிப் பிள்ளைகளோடு பழகிய பின்னர் அதனைப் படிக்கும்போது எமக்கு நகை வரவில்லை. அச்சிறுவனுக்கு ஒன்றும் தெரியாது; அவன் உடம்பே சாட்சியாகின்றது. எம் பெஞ்சித் தோழனும் அங்ஙனமே ஆயினான். சனிக்கிழமைதோறும் அவன் பேருந்தேறிப் பண்ணுருட்டி செல்வான். ‘அப்பா பணம் அனுப்பவில்லை என்று சொல்’ என்பது அங்கிருந்து வரும் செய்தி. ‘யார் யார் வீட்டிற்கு வந்து போகிறார்கள் என்று பார்த்து வா’ என்பது இங்கிருந்து செல்லும் செய்தி. புதுச் சட்டை அணிந்து திரும்பினால் அதுவும் ஒரு செய்தி. 1991-இல் கலிபோர்னியாவில் ஏறத்தாழ 500 இளைஞரைக்கொண்டு புக்கானன் என்பாரும் அவர்தம் துணைவரும் செய்த ஆராய்ச்சியில், பிரிந்த பெற்றோர்க்கிடையே தாம் சிக்குண்டதாய் உணர்ந்த பிள்ளைகளிடத்தே மனச்சோர்வும் தீயொழுக்கமும் மிகுந்திருந்தன. பெற்றோர் தமக்குள் நேரே பேசிக்கொள்ளும் வீடுகளில் அவ்வுணர்ச்சி குறைவு. பிள்ளைகள் பெற்றோரின் உடைமையுமல்லர், விளையாட்டுப் பொருளுமல்லர் என்னும் கருத்தை நம் உச்ச நீதிமன்றமும் 1973-இல், சென்னையினின்று சென்ற ஒரு கிறிஸ்தவத் தம்பதியரின் வழக்கில், அழுத்தமாய்க் கூறிற்று.

லாகிரிப் பொருள் இவ்விடத்தேதான் நுழைகின்றது. பலர் எண்ணுவதுபோல் அது துயரத்தின் கதவு வழியாய் நுழைவதில்லை. ஓய்வு நேரத்தின் கதவு வழியாய் நுழைகின்றது. எம் தோழன் வீட்டை எண்ணிப் பார்மின். தந்தை இரவு ஷிப்டிற்குச் சென்றபின் விடியும்வரை அவ்வீட்டிற் பெரியவர் எவருமில்லை. பிள்ளையின் கையிற் பணம் உண்டு. தந்தையும் தாயும் ஒருவரையொருவர் விஞ்சும் நோக்கத்தோடு தனித்தனியே கொடுக்கும் கைச்செலவுப் பணம். பதினொன்றாம் வகுப்பில் அவ்வீடு மூத்த மாணவர் சிலர் கூடும் இடமாயிற்று. முதலிற் சிகரெட்டு, பின்னர்ப் பீர்ப் புட்டி, அதன் பின்னர் நிகழ்ந்தவற்றை யாம் நேரிற் காணவில்லை. ‘அவர்களிடத்து அப்படி என்ன கண்டாய்?’ என்று ஒருநாள் கேட்டோம். “அவர்கள் அம்மாவைப்பற்றிக் கேட்பதில்லை” என்றான். இவ்விடையை யாம் பல்லாண்டு கழித்தும் மறக்கவில்லை. ஆசிரியர் கேட்கவில்லை, அயலார் கேட்கவில்லை, யாமும் கேட்கவில்லை. எனினும் எம் யாவர் கண்ணிலும் கேள்வி இருந்தது. அக்கூட்டத்தில் கண்ணிலும் கேள்வியில்லை. மானம் குன்றிய பிள்ளைக்கு அதுவே பெரிய விருந்து.

நகரியம் தோன்றிய காலத்தில் நம் மாநிலம் முழுவதும் மதுவிலக்கு நடைமுறையில் இருந்தது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது. இன்று வயது குறைந்தோர்க்கு மது விற்றலும், பள்ளிக்கு 100 கெஜத்திற்குள் புகையிலை விற்றலும் சட்டப்படி குற்றம். சட்டம் கடைக்காரனைப் பார்க்கும். பிள்ளையோ மூத்த தோழன் கையினின்று வாங்குகின்றான். அன்றியும், மது தேடுவார் தேடட்டும், சில லாகிரிகள் எழுதுபொருட் கடையிலேயே கிடைக்கின்றன. எய்ம்ஸ் மருத்துவ நிலையம் நடத்தி 2019-இல் வெளிவந்த நாடளாவிய கணக்கெடுப்பின்படி, பெரியோரைவிட 10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகளிடத்து மிகுந்து காணப்படும் போதைப்பொருள் ஒன்றே ஒன்று. அது முகர்ந்து மயங்கும் பசை, எழுத்தழிக்கும் வெண்மை முதலியன. பெரியோருள் 0.58 விழுக்காடு, பிள்ளைகளுள் 1.17 விழுக்காடு. பிள்ளையின் பள்ளிப் பையைத் துழாவிச் சிகரெட்டைத் தேடும் தந்தை, அதே பையிலுள்ள வெண்மைப் புட்டியைக் கண்டு ஐயுறுவதில்லை.

பிரிந்தோர் பிள்ளைகள் எல்லாரும் கெடுவர் என்று எம்மை உரைத்ததாகக் கொள்ளற்க. 1991-இல் அமேட்டோ, கீத் என்னும் இருவர் 92 ஆராய்ச்சிகளை, 13,000-க்கு மேற்பட்ட பிள்ளைகளைப்பற்றியனவற்றை, ஒருங்கு சேர்த்து நோக்கினர். வேறுபாடு உண்டு, ஆனால் சிறிதே என்பது அவர் முடிபு. மேவிஸ் ஹெதரிங்டன் அம்மையார் ஏறத்தாழ 1,400 குடும்பங்களை நெடுங்காலம் பின்தொடர்ந்து 2002-இல் எழுதிய நூலிற் கண்ட கணக்கு, கடுமையான இடர்ப்பாடு உற்றோர் பிரிந்த வீடுகளில் நூற்றுக்கு 25 பேர், பிரியாத வீடுகளில் 10 பேர் என்பது. இருபத்தைந்து பத்தினும் மிக்கது. எழுபத்தைந்து இருபத்தைந்தினும் மிக்கது. இரண்டையும் ஒருங்கே நினைவிற் கொள்ளவேண்டும். அமெரிக்கக் கணக்கு நெய்வேலிக்கு எவ்வளவு பொருந்தும் என்று கேட்பாருக்கு, எண்ணைக் கடனாகக் கொள்ளற்க, எச்சரிக்கையை மட்டும் கொள்க என்போம்.

மேலும், பல வீடுகளிற் போதை பிரிவின் விளைவன்று. பிரிவே போதையின் விளைவு. குடித்துவிட்டு வரும் தந்தையின் செருப்பொலியைக் கேட்டே அவர் எந்நிலையில் வருகின்றார் என்று கணித்து, தம்பியைக் கட்டிலுக்கடியில் ஒளித்து வைத்த பெண்பிள்ளை ஒருத்தி, தாயோடு விருத்தாசலத்திற்குப் பெயர்ந்த பின்னரே இரவில் உறங்கக் கற்றாள். அவளுக்குப் பிரிவு ஒரு விடுதலை. இடையறாத சண்டையுள்ள வீட்டிற் சேர்ந்திருக்கும் பெற்றோரினும், அமைதியாய்ப் பிரிந்த பெற்றோர் மேலானவர் என்பதை மேற்கூறிய ஆராய்ச்சிகளும் உரைக்கின்றன. ‘பிள்ளைகளுக்காகவே சேர்ந்திருக்கின்றோம்’ என்பாரை யாம் முழுதும் மறுக்கவில்லை. அதனைப் பிள்ளைகளிடத்தும் ஒருமுறை கேட்டுப் பார்க்கலாம் என்றே சொல்லுகின்றோம்.

அப்பெண்பிள்ளை எம் தோழனைப்போல் ஆகாமைக்குக் காரணம் யாது? அவள் படிப்பிற் சிறந்தவளல்லள். வீட்டிற் பணமும் இல்லை. ஆனால் பெயர்ந்த அன்றே அவள் பாட்டி, முற்றத்தில் முறுக்குப் பிழிந்துகொண்டே, “உன் அப்பனும் அம்மாவும் இனி ஒன்றாக இருக்க மாட்டார்கள். அதற்குக் காரணம் நீயும் இல்லை, உன் தம்பியும் இல்லை. அப்பனைப் பார்க்கவேண்டுமென்றால் சொல், நான் கூட்டிப் போகிறேன்” என்று சொல்லிவிட்டாள். மூன்று வாக்கியங்கள். கேட்பாருக்கெல்லாம் அவள் பின்னர் அவற்றையே விடையாய்ச் சொன்னாள். மறைப்பதற்கு ஒன்றுமில்லாமையால், கேள்வியில்லாக் கூட்டத்தைத் தேடி ஓடவேண்டிய தேவை அவளுக்கு உண்டாகவில்லை.

நெய்வேலிச் சுரங்கத்தின் அடியிலே, கரிப்படுகைக்கும் கீழே, பேரழுத்தத்தோடு நிலத்தடி நீர் நிற்கின்றது. அதனை இடைவிடாது இறைத்து அழுத்தத்தைத் தணித்தாலன்றிச் சுரங்கத்தின் தரை பிளந்துவிடும். ஆதலின் இராப்பகலாய்ப் பம்புகள் ஓடிக்கொண்டேயிருக்கும். கரி வெட்டும் இயந்திரத்தைப் பார்க்கக் கூட்டம் கூடும். பம்பைப் பார்க்க எவரும் செல்வதில்லை. பாட்டி செய்தது அப்பம்பின் வேலை. ஒருமுறை சொன்னதோடு அவள் நின்றுவிடவில்லை. எந்நாளும் பேசத் தக்கவளாய் முற்றத்திலேயே இருந்தாள். பாட்டியில்லாத பிள்ளைக்கு ஆசிரியரோ, போதகரோ, பந்தாட்டப் பயிற்சியாளரோ அவ்விடத்தில் நிற்கலாம். எவருமில்லாதார்க்கு 1996-இல் மும்பையில் தொடங்கப்பெற்ற 1098 என்னும் சிறுவர் உதவி எண்ணும், 2022 முதல் மனநலத்துக்கென உள்ள 14416 என்னும் எண்ணும் உண்டு. குடியர் வீட்டுப் பிள்ளைகள் தமக்குள் கூடிப் பேசுதற்கு ‘அலடீன்’ என்னும் சங்கம் 1957-இல் அமெரிக்காவில் ஓர் இளைஞனால் தொடங்கப்பெற்று இந்நாட்டிலும் பரவியுள்ளது. எம் விடுதி அறிவிப்புப் பலகையில் இவ்வெண்களை எழுதி வைத்திருக்கின்றோம். அவற்றை எவரேனும் குறித்துக்கொள்வதை யாம் பார்த்ததில்லை. ஆனால் ஒவ்வொரு பருவத்தின் முடிவிலும் சுண்ணாம்பு எழுத்தின் கீழ் விரலால் தடவிய அடையாளம் காணப்படுகின்றது.

எம் தோழன் இப்பொழுது வடமாநிலமொன்றில் வேலையாய் இருக்கின்றான். ஆண்டுக்கொரு முறை கடிதம் வரும். குடியை விட்டுப் பல ஆண்டுகள் ஆயின. அவன் தாய் தந்தையர் இன்றும் ஒருவரோடொருவர் பேசுவதில்லை.

சென்ற பொங்கல் விடுமுறைக்கு முன்னாள் மாலை, விடுதி மாணவர் வரிசையாய் நின்று, செல்லும் ஊரை விடுப்புப் பதிவேட்டில் எழுதிக்கொண்டிருந்தனர். நெய்வேலியினின்று வந்த முதலாண்டு மாணவன் ஒருவன், ‘நெய்வேலி 2 நாள், அப்பா, வடலூர் 2 நாள், அம்மா’ என்று தெளிவாய் எழுதினான். பின்னால் நின்றவன் எட்டிப் பார்த்து, “வடலூர் வழியாகத்தானே நானும் போகிறேன், சேர்ந்தே போவோமா?” என்றான். இருவரும் பேருந்து நேரத்தைப்பற்றி வாதிட்டுக்கொண்டே படியிறங்கிச் சென்றனர்.